எறிந்த காய்களின் வரிசை

மாஜோங் ஆட்டத்தில் முதல் நாளிலேயே கற்க வேண்டியதை நான் கடைசியாகத்தான் கற்றேன். அதற்குள் என் இளைய மகளின் ஜப்பான் பயணமே கைநழுவும் நிலைக்கு வந்துவிட்டது. இப்போது நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது. அந்தப் படபடப்பில் பெரும்பாதி மகிழ்ச்சிதான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிற்சாலையில், கொழுந்தைத் தூளாக்கும் வேலையைக் கவனிக்கும் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விடியற்காலையில் நீராடித் திருநீறு அணிந்து, பதிகம் ஒன்றேனும் பண்ணோடு பாடி முடிக்காமல் ஒரு மிடறு தேநீரும் அருந்துவதில்லை. சீட்டு, தாயம், கேரம் என்று எதையும் வாழ்நாளில் தொட்டவனல்லன். அப்படிப்பட்டவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஒரு பிற்பகல், என் மகள் கனத்த பெட்டியொன்றைக் கொண்டுவந்து வைத்தாள். மூடியைத் திறந்தாள். உள்ளே பெரிய கற்கண்டுக் கட்டிகள் போல வெண்மையான காய்கள் வரிசை வரிசையாக இருந்தன.

"இது என்ன புள்ள, டொமினோவா?" என்றாள் என் மனைவி.

"மாஜோங்மா. ஜப்பான்காரங்க ஆடுறது. இத ஒழுங்கா ஆடிக் காட்டினாத்தான் எனக்கு அந்த வேல."

அவள் முதியோர் பராமரிப்புப் பயிற்சி முடித்து, ஹட்டனில் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஜப்பானில் உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்கு ஒரே ஒரு பெண் தேவைப்பட்டாள். வகுப்பிலிருந்து இருவரைத் தெரிந்தெடுத்திருந்தார்கள்; அவர்களில் என் மகளும் ஒருத்தி. அந்த இல்லத்துப் பெரியவர்கள் நாள்தோறும் பிற்பகலில் மாஜோங் ஆடுவார்களாம். மேசைக்கு நால்வர் வேண்டும். ஓர் ஆள் குறைந்தால் பணிப்பெண் நான்காமவளாக அமர வேண்டும். ஆகவே இல்லத்தின் தலைவியே நுவரெலியாவுக்கு வந்து, இரு பெண்களோடும் தனித்தனியே ஓர் ஆட்டம் ஆடிப் பார்த்துத் தீர்மானிக்கப் போகிறாராம்.

"இன்னொன்னும் சொல்லியிருக்காங்கப்பா. வீட்டுலேருந்து வயசானவங்க ஒருத்தர கூட்டிட்டு வரணுமாம். பெரியவங்களோட எப்படி உக்காந்து ஆடுறோம்னு பாக்கணுமாம்."

"அம்மாவக் கூட்டிட்டுப் போ," என்றேன்.

"எனக்கு ஏங்க?" என்று என் மனைவி உடனே எழுந்தாள். "கொழுந்த மோந்து பாத்தே குத்தம் சொன்ன ஆளு நீங்க. இதையும் நீங்களே மோந்து பாருங்க."

பணம் வைத்து ஆடும் சூதாக இருக்குமோ என்ற தயக்கம் எனக்கு இருந்தது. அந்த இல்லத்தில் பணமே கிடையாது, வெறும் புள்ளிக் குச்சிகள்தாம் என்று மகள் உறுதி கூறிய பிறகே ஒப்புக்கொண்டேன். வீட்டில் ஆடிப் பழக மட்டும் என் மனைவியும் இணங்கினாள்; நான்காவது ஆளாக அடுத்த வீட்டு மாஸ்டரை அழைத்தோம். அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஞாயிறு பூசை தவறாத கத்தோலிக்கர். என்னைக் கேலி செய்வதை ஒரு திருத்தொண்டாகவே செய்து வருபவர். காய்கள் சத்தமிடாமலிருக்க மேசைமேல் பழைய கம்பளியொன்றை விரித்தோம். வெளியே பனிமூட்டம், உள்ளே இஞ்சித் தேநீர், நடுவே சலசலவென்று காய் கலக்கும் ஓசை. முதல் நாளே எனக்குள் ஏதோ துள்ளியது.

அடிப்படை விதி எளிது. வட்டம், மூங்கில், சீன எழுத்து என்று மூன்று குலங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள். இவற்றுக்குப் புறம்பாக நான்கு திசைக் காய்களும், சிவப்பு, பச்சை, வெறும் வெள்ளை என்று மூன்று காய்களும் உண்டு. எந்தக் காயை எடுத்தாலும் அதே போன்று நான்கு இருக்கும். கையில் பதின்மூன்று காய்கள். முறை வரும்போது ஒன்றை எடுத்து ஒன்றை எறிய வேண்டும். எடுக்கும் பதினான்காவது காயோடு, மும்மூன்றாக நான்கு கூட்டங்களும் ஓர் இணையும் அமைந்தால் கை நிறைவு பெறும். கூட்டம் என்பது ஒரே குலத்தில் அடுத்தடுத்த மூன்று எண்கள். அல்லது ஒரே காய் மூன்று.

நான்கு அடியும் ஒரு தனிச்சொல்லும் கொண்ட வெண்பா என் கண்முன் வந்து நின்றது. "இது யாப்பு!" என்று கூவிவிட்டேன்.

"ஆரம்பிச்சிட்டாரு," என்றார் மாஸ்டர். "ஐயா, மொதல்ல காயப் போடுங்க. பொறவு பாடலாம்."

பிறர் எறிந்த காய் நம் கூட்டத்தை நிறைவு செய்யுமானால் அதைக் கூவி எடுத்துக்கொள்ளலாம். அன்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தேன். விரைவில் நான்கு கூட்டமும் ஓர் இணையும் அமைந்துவிட்டன. வெற்றி என்று கைகளை உயர்த்தினேன். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

"அப்பா, எல்லாம் அழகாத்தான் இருக்கு. ஆனா யாக்கு இல்லப்பா."

யாக்கு என்பது கைக்கு இருந்தாக வேண்டிய தகுதி. அது ஒன்றேனும் இல்லாத கை, எவ்வளவு ஒழுங்காக அமைந்தாலும் வெல்லாது. தளை தட்டாமல் பாட்டெழுதி அதில் பொருள் வைக்க மறந்தவனைப் போல உட்கார்ந்திருந்தேன். தொடக்கத்தில் மூன்று யாக்கு போதும் என்றாள் மகள். சிவப்பிலோ பச்சையிலோ வெள்ளையிலோ ஒரே காய் மூன்று சேர்ப்பது ஒன்று. ஒன்றும் ஒன்பதும் திசையும் நிறமும் இல்லாமல், இரண்டு முதல் எட்டு வரையிலான எண்களாலேயே முழுக் கையையும் அமைப்பது மற்றொன்று. மூன்றாவது ரீச்சி. பிறர் காய் எதையும் எடுக்காமல், இன்னும் ஒரே காய் வந்தால் வெற்றி என்ற நிலைக்கு வந்ததும், "ரீச்சி" என்று அறிவித்து ஒரு புள்ளிக் குச்சியை மேசையில் பணயம் வைப்பது. அதன்பின் கையை மாற்ற இயலாது. வருவது வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதுதான். பிறர் எறிந்ததையெல்லாம் அள்ளுகிறவனுக்கு அந்த ரீச்சி கிடையாது. கையை மூடி வைத்துக்கொண்டு பொறுத்திருப்பவனுக்கே அது உண்டு. இதைக் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. சரணடைந்துவிட்டுக் காத்திருத்தலை ஓர் ஆட்டத்தின் விதியாகவே வைத்திருக்கிறார்களே!

என் பக்தியே எனக்கு இடைஞ்சலும் ஆயிற்று. ஆட்டமுறை வலப்பக்கத்தில் இருப்பவருக்குப் போகும். மேலிருந்து பார்த்தால் அது கோயிலை வலம் வருவதற்கு நேர் எதிரான சுற்று. என் கை தானாகவே இடப்பக்கம் இருந்த மாஸ்டரிடம் "ம், நீங்க" என்று சைகை காட்டிவிடும். மூங்கில் ஒன்று என்ற காயில் எண்ணுக்குப் பதிலாகத் தோகையுடன் ஒரு பறவை வரைந்திருந்தது. எனக்கு அது மயிலன்றி வேறில்லை. முருகன் ஏறும் மயிலை எப்படி எறிவது? கைக்கு ஆகாது என்று தெரிந்தும் பக்கத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்வேன்.

"ஐயாவோட கையில மயில் உக்காந்திருக்கு," என்பார் மாஸ்டர், தம் காய்களிலிருந்து கண்ணெடுக்காமல். "அந்த ஒரு காய்க்கு நான் காத்திருந்தா எனக்குத் தோல்விதான். சாமி வந்தாலும் விடமாட்டாரு."

இவையெல்லாம் சிறு இடர்கள். பெரிய தவறு வேறு. அதைத் தவறென்றே நாங்கள் அறியவில்லை.

எறிந்த காய்கள் மேசைமேல் சேர்ந்துகொண்டே போயின. எனக்கு அது பொறுக்கவில்லை. சுவாமிக்குச் சாத்திக் களைந்த பூவை மறுநாளும் சந்நிதியில் விட்டுவைப்போமா? களைந்தது களைந்ததுதான். ஆகவே யார் எதை எறிந்தாலும் உடனே அதை எடுத்து, பூசைக்கு வைக்கும் பித்தளைத் தாம்பாளம் ஒன்றில் போட்டுவிடுவேன். மேசை துப்புரவாக இருக்கும். என் மனைவிக்கும் அது பிடித்திருந்தது. மாஸ்டரும் மறுக்கவில்லை. இப்படியே சில வாரங்கள் ஆடினோம். மகளின் கை வேகமும் கூடிவந்தது. இனி வேலை அவளுக்கே என்று நாங்கள் நம்பியிருந்தோம்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஹட்டன் வகுப்பில் ஓர் ஒத்திகை ஆட்டம் நடந்தது. அவளுடைய ஆசிரியை சிங்களப் பெண்மணி. ஜப்பானில் பல்லாண்டு வேலை செய்தவர். காய்ப் பெட்டியை எங்களுக்கு இரவல் தந்தவரும் அவரே. அன்று மாலை மகள் நனைந்த குடையைக் கூட மடக்காமல் வீட்டுக்குள் வந்தாள்.

"எல்லாம் போச்சுப்பா. நான் எறிஞ்ச காயாலேயே அடுத்தவங்க ஜெயிச்சாங்க. ஒருதடவ நான் ஜெயிச்சிட்டேன்னு 'ரோன்' சொன்னேன். மிஸ் என் முன்னால கிடந்த வரிசையக் காட்டினாங்க. அதே காய நானே முன்னாடி எறிஞ்சிருக்கேன். அது செல்லாதாம். தண்டனப் புள்ளி வேற."

பிறர் எறியும் காயால் வெல்வதை "ரோன்" என்று கூவி அறிவிப்பார்கள். அப்போது எறிந்தவர் ஒருவரே முழுப் புள்ளியையும் இழப்பார். ஆனால் தான் காத்திருக்கும் காய்களில் ஒன்றையேனும் முன்பு தானே எறிந்திருந்தால், ரோன் சொல்லும் உரிமை இல்லை. இதுதான் விதி. இதைக் காப்பதற்காகவே ஒவ்வொருவரும் எறிந்த காயைத் தத்தம் முன்னால், எறிந்த முறைப்படி, ஆறாறாக வரிசை வைக்க வேண்டும். அந்த வரிசைகளை யாரும் தொடக் கூடாது.

"வீட்டுல வரிசையே வைக்க மாட்டீங்களான்னு மிஸ் கேட்டாங்க," என்றாள் மகள், தாம்பாளத்தைப் பார்த்தபடி. "நான் போன்ல பாத்தேன்தான்ப்பா. அது அவங்க ஊரு வழக்கம்னு நெனச்சிட்டேன். நம்ம வீட்டுல நம்ம வழக்கம்னு விட்டுட்டேன்."

மாஸ்டரும் தாம்பாளத்தை எட்டிப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். "ஐயா! ஆட்டத்துல முக்காவாசிய நீங்க கூட்டி அள்ளிட்டீங்களே ஐயா!"

அந்த மாலையே மீண்டும் மேசையில் அமர்ந்தோம். தாம்பாளம் பூசையறைக்குப் போயிற்று. ஒவ்வொருவர் முன்னாலும் காய்கள் வரிசையாக வளர வளர, நான் கண்டது வேறோர் ஆட்டம். பாதி இருட்டில் நின்றிருந்த சந்நிதியில் திரை விலகித் தீபம் காட்டியது போல இருந்தது! மாஸ்டர் தொடக்கத்திலேயே திசைக் காய்களையும் ஒன்று ஒன்பதுகளையும் எறிகிறார். அப்படியானால் இடை எண்களால் கை கட்டுகிறார். என் மனைவி வட்டமும் எழுத்தும் எறிகிறாள், மூங்கில் ஒன்றுகூட வரவில்லை. அப்படியானால் மூங்கில் சேர்க்கிறாள். எறிந்தவை யாவும் பேசின. வெல்வதற்கு நிகராகத் தோற்காமலிருப்பதும் ஒரு கலை என்று அப்போதுதான் விளங்கியது. ஒருவர் ரீச்சி அறிவித்துவிட்டால், நம் கை எட்டாத தொலைவில் இருந்தால், வெற்றியை மறந்துவிட வேண்டும். அவர் எறிந்த வரிசையில் எந்தக் காய் கிடக்கிறதோ அதையே நாமும் எறிய வேண்டும். அவர் தாமே எறிந்த காயால் நம்மிடம் ரோன் சொல்ல அவருக்கு உரிமையில்லை. ஆகவே அது முழுக் காவலுள்ள காய்.

"இப்ப நீங்க எனக்கு எத எறிவீங்க, எத எறிய மாட்டீங்கன்னு எனக்குத் தெரியுதுங்க," என்றாள் என் மனைவி. கல்யாணமாகி இத்தனை ஆண்டுகளில் அவள் கண்ணில் அப்படியொரு கூர்மையை நான் கண்டதில்லை. அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் சமையல் தாமதமாயிற்று. மயிலைக்கூட எறியக் கற்றேன். முதல் முறை "முருகா" என்றேன். அடுத்த முறை அதுவும் சொல்லவில்லை.

தேர்வு நாளன்று நானும் மகளும் முதல் பஸ்ஸிலேயே நுவரெலியாவுக்குப் போனோம். ஒரு விடுதியின் சிறு மண்டபத்தில் மேசை போட்டிருந்தார்கள். தலைவி என்னைவிடச் சற்று இளையவர். வெண்மயிர் குட்டையாக வெட்டியிருந்தது. குனிந்து வணங்கியபோது நானும் கைகூப்பினேன். நான்காவது ஆளாக ஹட்டன் ஆசிரியை அமர்ந்தார். தலைவியின் பேச்சை அவரே எனக்குச் சிங்களத்தில் சொன்னார். மற்றப் பெண் தன் பெரியப்பாவோடு வந்து அப்போதுதான் ஆடி முடித்திருந்தாள். அவள் இரண்டாவதாக வந்ததாகச் சொன்னார்கள். நான் என் மகளையே பார்த்தேன்.

"அப்பா, நீங்க என்னைப் பாக்காதீங்க. மேசையப் பாருங்க," என்றாள் மெல்ல.

ஆட்டம் தொடங்கியது. தலைவியின் விரல்கள் காயைப் புரட்டாமலேயே தடவி இன்னதென்று அறிந்தன. நானும் சளைக்கவில்லை. ஒரு முறை மூன்று சிவப்புக் காய்களால் வென்றேன். அவர் வியந்து தலையசைத்தார். சுற்று ஏறிக்கொண்டே போயிற்று. கடைசிக் கை வந்தபோது தலைவி முதலிடம், நான் இரண்டாமிடம், என் மகள் மூன்றாமிடம், ஆசிரியை கடைசி. மகள் முன்னேற வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவன் நானல்லவா! அவளுக்கு வேண்டிய காயை எறிந்துவிடலாமா என்று ஒரு கணம் எண்ணினேன். ஆனால் அவளுக்கு எது வேண்டும் என்பதே எனக்குத் தெரியவில்லை. தலைவியின் கண்களோ எங்கள் இருவர்மீதும் மாறி மாறி நிலைத்திருந்தன.

திடீரென்று தலைவி தாம் எறிந்த காயைக் குறுக்காக வைத்து அறிவித்தார். "ரீச்சி." குச்சி மேசைக்கு வந்தது.

ஆசிரியை தலைவியின் வரிசையைப் பார்த்துக் காவலான காயொன்றை எறிந்தார். அடுத்து என் மகள். ஒரு காய் எடுத்தாள். அதைக் கையோடு சேர்த்தாள். வடக்குக் காய் ஒன்றை எறிந்தாள். தலைவியின் வரிசையில் வடக்கு ஏற்கெனவே கிடந்தது. ஐயோ, இவளும் கைவிட்டுவிட்டாளே என்று எண்ணினேன். அடுத்த முறை எனக்கு. எடுத்த காய் உதவவில்லை. இனி என்ன செய்ய? தலைவியின் வரிசையை ஒருமுறைக்கு இருமுறை பார்த்தேன். வட்டம் ஆறு அங்கே கிடந்தது. என் கையிலும் ஒன்று இருந்தது. இதைவிடக் காவல் ஏது? அமைதியாக வட்டம் ஆறை எறிந்தேன்.

தலைவி அசையவில்லை. ஆசிரியையும் அசையவில்லை. என் மகள் அந்தக் காயைப் பார்த்தாள்; என்னைப் பார்த்தாள்; கழுத்துச் சங்கிலியை ஒருமுறை பற்றி விட்டாள்.

"ரோன்," என்றாள். பிறகு, தாழ்ந்த குரலில், "அப்பா."

அவள் காய்களைத் திறந்து வைத்தபோது மண்டபமே என்னைச் சுற்றியது. வட்டம் நான்கும் ஐந்தும் ஆறுக்காகவோ மூன்றுக்காகவோ காத்திருந்தன. கை முழுவதும் இரண்டு முதல் எட்டு வரையிலான எண்கள், யாக்கு இருக்கிறது. அவள் வரிசையை விரலால் தொடர்ந்தேன். அங்கே மூன்றுமில்லை, ஆறுமில்லை. செல்லும்! என் புள்ளிக் குச்சிகளும் தலைவி பணயம் வைத்த குச்சியும் அவள் பக்கம் போயின. அவள் எனக்கு மேலே ஏறிவிட்டாள். தோற்றவன் நான், எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போல இருந்தது.

தலைவி சிரிக்கவில்லை. முதலில் என்னைக் கேட்டார்: ஏன் அந்தக் காய்? நான் அவருடைய வரிசையில் கிடந்த வட்டம் ஆறைச் சுட்டிக் காட்டினேன். பிறகு மகளைக் கேட்டார்: நீ ஏன் ரீச்சி சொல்லவில்லை? அவள் ஜப்பானிய மொழியில் விடை சொன்னாள். திக்கித் திக்கித்தான் சொன்னாள், ஆனால் நிறுத்தவில்லை. ஆசிரியை எனக்குச் சொன்ன பொருள் இது: "நான் அறிவித்திருந்தால் அப்பா என் வரிசையையும் பார்த்திருப்பார். அறிவிக்காவிட்டால் உங்கள் வரிசையை மட்டும் பார்ப்பார். அப்பா கவனமான ஆள். உங்களுக்கு ஆகாத காயையே எறிவார் என்று தெரியும். அதனால் அந்தக் காய்க்கே காத்திருந்தேன்."

தலைவி மேசையைத் தட்டிச் சிரித்தார். கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்ததும் ஏதோ நீளமாகப் பேசினார். ஆசிரியை முகம் மலர்ந்து, சரி, சரி என்னும் பொருளில் "ஹரி, ஹரி" என்று எனக்குத் தலையசைத்துவிட்டு, அதைச் சிங்களத்தில் சொன்னார்: எங்கள் இல்லத்துப் பெரியவர்கள், தங்களுக்காக விட்டுக்கொடுக்கிறவளோடு ஒரு நாளுக்கு மேல் ஆடமாட்டார்கள். காலையில் வந்த பெண் நல்ல பெண். ஆனால் தன் பெரியப்பா எறிந்த காயால் வெல்ல முடிந்தும், இரண்டு முறை வேண்டுமென்றே ரோன் சொல்லாமல் விட்டுவிட்டாள். அவர்கள் குழந்தைகளல்லர்; அவர்களுக்கு ஆட்டம் வேண்டும். இந்தப் பெண் எப்போது புறப்பட முடியும்?

என் மகளுக்குக் கண்ணீர்தான் வந்தது. விடையை நான் சொன்னேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தில், தேவைக்கு மேல் உரத்த குரலில். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பத்திரங்களில் கையெழுத்திடுவதற்காக ஆசிரியை பையைத் திறந்தார். தலைவி அதைக் கையால் தடுத்தார். பிற்பகல் முழுவதும் இருக்கிறதே, அதற்கென்ன அவசரம் என்றார். காய்களை முகம் கவிழ்த்து, இரண்டு கையாலும் கலக்கத் தொடங்கினார். பிறகு என்னைப் பார்த்து, ஒரே சொல்லில் ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பு எனக்குத் தேவைப்படவில்லை. சட்டையின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு, நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டேன்.